கடன் அட்டை கடந்து வந்த பாதையும் குடும்பக் கணக்கும்



கிரெடிட் கார்டு எனப்படும் கடன் அட்டையை வைத்திருப்போருக்கு மாதந்தோறும் வங்கியிலிருந்து ஒரு கணக்கு வந்து சேர்கிறது. அதில் இரண்டு தொகைகள் முதன்மையாகக் குறிக்கப்பட்டிருக்கும். ஒன்று, செலுத்த வேண்டிய மொத்தத் தொகை. மற்றொன்று, குறைந்தபட்சம் செலுத்த வேண்டிய தொகை. மொத்தம் ஐம்பதாயிரம் ரூபாய் என்றால் குறைந்தபட்சம் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் என்றிருக்கும். வாடகை, பள்ளிக் கட்டணம், மருந்து, மளிகை என்று நாற்புறமும் செலவு நெருக்கும் குடும்பத் தலைவரின் கண்ணுக்கு அந்தச் சிறிய தொகை ஆறுதலாகத் தெரிகிறது. அதைக் கட்டிவிட்டால் இந்த மாதம் தப்பித்தோம் என்று நிம்மதி கொள்கிறார்.

அந்தச் சிறிய தொகை தானாகத் தோன்றிய ஒன்றன்று. அதற்கு எழுபது ஆண்டுக்காலத்தை ஒட்டிய வரலாறு உண்டு. கடன் கொடுப்போர் எதற்காக அதை வகுத்தனர், எவ்வாறு அதைக் குறைத்தனர், அரசுகளும் நீதிமன்றங்களும் எங்கே தடுத்தன, எங்கே விலகி நின்றன என்பதை அறிந்துகொண்டால், நம் வீட்டுக் கணக்கை நாமே சீர்செய்யும் தெளிவு பிறக்கும். அந்நோக்கத்துடனேயே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

முடிவு தெரிந்த கடன்கள்

கடன் மனித வாழ்வுக்குப் புதிதன்று. நம் ஊர் மளிகைக் கடைகளில் இருந்த பற்று நோட்டை மூத்தவர்கள் நன்கறிவர். மாதம் முழுவதும் சாமான் வாங்கிச் சம்பளம் வந்ததும் கணக்கு முடிப்பது வழக்கம். கடைக்காரருக்குக் குடும்பத்தின் நிலை தெரியும். எவ்வளவு வரை கடன் கொடுக்கலாம், எப்போது கையை இறுக்க வேண்டும் என்பதும் தெரியும். பற்று மிகுந்துவிட்டால், "பழைய பாக்கியைக் கொஞ்சம் குறைத்துவிட்டு வாங்குங்களேன்" என்று அவரே சொல்லிவிடுவார். அந்த ஒரு சொல் பல குடும்பங்களைக் காத்தது.

மேலை நாடுகளில் தொழிற்சாலைப் பொருட்கள் பெருகிய காலத்தில் தவணை முறை பரவியது. அமெரிக்காவில் சிங்கர் தையல் இயந்திர நிறுவனம் 1856ஆம் ஆண்டு முதல் இம்முறையில் இயந்திரங்களை விற்றது. சிறிது முன்பணம் கொடுத்து இயந்திரத்தை வீட்டுக்குக் கொண்டுசென்று, மீதியை மாதத் தவணைகளாகச் செலுத்தலாம். தவணை தவறினால் இயந்திரம் பறிபோகும் என்ற கடுமை அதில் இருந்தது. ஆயினும் எத்தனை தவணை, எந்த மாதத்தில் முடியும் என்பது வாங்கும் அன்றே தெரிந்திருந்தது.

பற்று நோட்டாயினும் தவணைக் கடனாயினும் இரண்டிலும் ஒரு முடிவு நாள் இருந்தது. கடன் அட்டையின் வரலாறு அந்த முடிவு நாள் மறைந்துபோன வரலாறாகும்.

உணவு விடுதியிலிருந்து வங்கிக்கு

1950ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் ஃபிராங்க் மெக்னமாரா என்பவரும் அவர்தம் கூட்டாளிகளும் டைனர்ஸ் கிளப் என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். அதன் அட்டையைக் காட்டி நகரின் குறிப்பிட்ட உணவு விடுதிகளில் உண்ணலாம். விடுதிக்காரருக்கு நிறுவனம் பணம் கொடுத்துவிடும். உறுப்பினர் மாத முடிவில் நிறுவனத்திற்கு முழுத் தொகையையும் செலுத்திவிட வேண்டும். பாக்கி வைக்க அதில் இடமில்லை. 1958-இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வெளியிட்ட அட்டையும் இவ்வகையினதே. பற்று நோட்டு அட்டை வடிவம் பெற்றது என்று இதைக் கொள்ளலாம்.

அதே 1958ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் கலிஃபோர்னியா மாநிலத்தின் ஃபிரெஸ்னோ நகரில் வேறொன்று நிகழ்ந்தது. பேங்க் ஆஃப் அமெரிக்கா, அந்நகரின் தன் வாடிக்கையாளர்களுக்குச் சுமார் 60,000 கடன் அட்டைகளை அஞ்சலில் அனுப்பிவைத்தது. அவர்களில் எவரும் அட்டை வேண்டி விண்ணப்பிக்கவில்லை. உறையைப் பிரித்ததும் 300 முதல் 500 டாலர் வரை கடன் பெறும் உரிமை கையில் இருந்தது. பேங்க்அமெரிகார்டு என்பது அதன் பெயர். 1976-இல் விசா என்று பெயர் மாறியதும் இதுவே.

இந்த அட்டையில் முழுத் தொகையையும் செலுத்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு பகுதியைச் செலுத்தி, மீதியை அடுத்த மாதத்திற்குத் தள்ளலாம். தள்ளிய தொகைக்கு மாதம் ஒன்றரை விழுக்காடு, அதாவது ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி. செலுத்திய அளவுக்கு மீண்டும் கடன் வாங்கிக்கொள்ளலாம். கடன் தீராமல் சுழன்றுகொண்டே இருப்பதால் இதைச் சுழல் கடன் என்பர். குறைந்தபட்சத் தொகை என்ற எண் வேரூன்றியது இத்தகைய கடனில்தான்.

வங்கியின் முதல் முயற்சி பெரும் இழப்பில் முடிந்தது. தவணை தவறும் கணக்குகள் 4 விழுக்காடு இருக்கலாம் என்று எதிர்பார்த்த இடத்தில் 22 விழுக்காடு தவறின. திட்டத்தை வகுத்த ஜோசப் வில்லியம்ஸ் 1959 இறுதியில் பதவி விலகினார். ஆனால் வங்கி அட்டையைக் கைவிடவில்லை. சரிவரத் திருப்பிச் செலுத்துவோரை இனங்காணக் கற்றுக்கொண்டு, சில ஆண்டுகளிலேயே இலாபம் ஈட்டத் தொடங்கியது.

இங்கே ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். மாதந்தோறும் முழுத் தொகையையும் கட்டிவிடுபவரிடம் வங்கிக்கு வட்டி கிடைப்பதில்லை. ஒன்றுமே கட்டாதவரால் வங்கிக்கு இழப்பு. இவ்விருவருக்கும் நடுவில், தவணை தவறாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டு, கடனை மட்டும் தீர்க்காமல் இருப்பவரே வங்கிக்கு மிகுந்த வட்டி வருவாய் தருபவர். பின்னர் நிகழ்ந்தவை பலவற்றுக்கும் இதுவே திறவுகோல்.

வேலிகள் சரிந்த காலம்

1966-இல் சிகாகோ நகர வங்கிகள் போட்டி போட்டுக்கொண்டு ஏறத்தாழ 50 இலட்சம் அட்டைகளை அஞ்சலில் அனுப்பின. ஒரே வீட்டுக்குப் பல அட்டைகள் சென்றன. திருட்டும் மோசடியும் பெருகின. இத்தகைய நிகழ்வுகளுக்குப் பின் 1970-இல் அமெரிக்க நாடாளுமன்றம், கேளாதவருக்கு அட்டை அனுப்புவதைத் தடைசெய்தது. இது மக்கள் பெற்ற பாதுகாப்பு.

வட்டியைப் பொறுத்தவரை நிலைமை எதிர்த்திசையில் சென்றது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் வட்டிக்கு உச்சவரம்பு இருந்தது. மினசோட்டா மாநிலத்தில் கடன் அட்டைக்கு 12 விழுக்காடுதான் வாங்கலாம். அண்மையிலுள்ள நெப்ராஸ்காவில் 18 விழுக்காடு வரை வாங்க இடமிருந்தது. நெப்ராஸ்கா வங்கியொன்று மினசோட்டா மக்களுக்கு அட்டை கொடுத்துத் தன் மாநில வட்டியையே வாங்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1978 டிசம்பரில் மார்க்கெட் நேஷனல் வங்கி வழக்கில் நீதிமன்றம், தேசிய வங்கிகள் தாம் அமைந்துள்ள மாநிலத்தின் வட்டியை வேறு மாநிலத்தாரிடமும் வாங்கலாம் என்று தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்பின் விளைவு விரைவிலேயே தெரிந்தது. பணவீக்கத்தால் வங்கிகளே அதிக வட்டிக்குப் பணம் திரட்ட வேண்டியிருந்த காலம் அது. நியூயார்க்கின் உச்சவரம்பு சிட்டி வங்கியை நெருக்கியது. மக்கள்தொகை குறைந்த தெற்கு டகோட்டா மாநிலம் 1980-இல் தன் வட்டி வரம்பை நீக்கியது. சிட்டி வங்கி 1981-இல் தன் கடன் அட்டைப் பிரிவை அம்மாநிலத்தின் சூ ஃபால்ஸ் நகருக்கு மாற்றியது. அம்மாநிலத்துக்கு வேலைவாய்ப்பு கிடைத்தது. ஏனைய மாநிலங்களின் குடும்பங்களுக்கோ, தம் சட்டமன்றம் இட்ட வேலி பயனற்றுப் போனது. 1996-இல் மற்றொரு தீர்ப்பு, தாமதக் கட்டணத்தையும் வட்டியின் வகையில் சேர்த்தது. அதன்பின் தாமதக் கட்டணங்களும் உயர்ந்தன.

ஐந்து இரண்டான கதை

வட்டி உயர்ந்தால் மாதச் சுமை உயரும். மாதச் சுமை உயர்ந்தால் மக்கள் கடன் வாங்கத் தயங்குவர். இத்தயக்கத்தை நீக்கிய கருவி குறைந்தபட்சத் தொகையே.

முன்னர் அமெரிக்க அட்டைகளில் நிலுவையின் 5 விழுக்காடு குறைந்தபட்சத் தொகையாக இருந்து வந்தது. பின்னாளில் பிராவிடியன் என்று அறியப்பட்ட நிறுவனத்தின் ஆலோசகரான ஆண்ட்ரூ கார் போன்றோர் இதை 2 விழுக்காடாகக் குறைக்கும் உத்தியை முன்வைத்தனர். பிற வங்கிகளும் பின்பற்றின. ஆயிரம் டாலர் நிலுவைக்கு ஐம்பது டாலர் கட்டிய இடத்தில் இருபது டாலர் போதும் என்றானது. மேலோட்டமாகப் பார்க்கையில் இது ஏழைக்குச் செய்த சலுகை. உண்மையிலோ, கட்டும் பணத்தில் பெரும்பகுதி வட்டிக்கே சென்று, அசல் அசையாமல் நின்றது. அதே வருமானமுள்ள குடும்பம் இரண்டரை மடங்கு கடனைத் தாங்க முடியும் என்ற தோற்றமும் உண்டாயிற்று. அந்தப் பிராவிடியன் நிறுவனம், வாடிக்கையாளரை ஏமாற்றும் வழிமுறைகளைக் கையாண்டது என்ற குற்றச்சாட்டின் பேரில் 2000ஆம் ஆண்டில் குறைந்தது 30 கோடி டாலர் திருப்பித்தர ஒப்புக்கொண்டது.

2003-இல் அமெரிக்க வங்கிக் கண்காணிப்பு அமைப்புகள் தலையிட்டன. நியாயமான காலத்தில் அசலும் தீரும் அளவுக்குக் குறைந்தபட்சத் தொகை இருக்க வேண்டும் என்று அறிவுறுத்தின. 2005-ஐ ஒட்டி வங்கிகள் அத்தொகையை உயர்த்தின. 2009 மே மாதம் நிறைவேறிய கடன் அட்டைச் சட்டம் மேலும் ஒரு படி சென்றது. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் கடன் தீர எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதையும், மூன்று ஆண்டுகளில் தீர்க்க மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதையும் கணக்கிலேயே அச்சிட வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. மறைந்திருந்த முடிவு நாள் மீண்டும் தாளில் ஏறியது.

அதே 2009-இல் இங்கிலாந்து உளவியல் ஆய்வாளர் நீல் ஸ்டூவர்ட் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரே கடன் கணக்கை இரு பிரிவினரிடம் காட்டி, எவ்வளவு கட்டுவீர்கள் என்று கேட்டதில், குறைந்தபட்சத் தொகை அச்சிடப்பட்டிருந்த கணக்கைப் பார்த்தவர்கள் மற்றவர்களைவிடக் கணிசமாகக் குறைவாகவே கட்ட முன்வந்தனர். அந்த எண், கடன்பட்டவரின் மனத்தைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது என்பது இதனால் தெளிவாயிற்று.

நம் நாட்டில்

இந்தியாவில் சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா 1980-இலும் ஆந்திரா வங்கி அதையடுத்தும் கடன் அட்டைகளை வெளியிட்டன. 1990களில் வெளிநாட்டு வங்கிகளும் தனியார் வங்கிகளும் இத்துறையில் முனைந்தன. 1998-இல் ஸ்டேட் வங்கியின் அட்டை வந்தது. 2000த்தின் பிற்பகுதிக்குள் தொலைபேசி அழைப்புகளும் கடைவீதி முகவர்களும் பெருகி, 2008 மார்ச்சில் நாட்டிலுள்ள அட்டைகள் சுமார் 2.75 கோடியை எட்டின. உடனே சரிவும் வந்தது. வாராக் கடன் பெருகியதால் வங்கிகள் கையை இறுக்கின. 2010-இல் அட்டைகளின் எண்ணிக்கை 1.8 கோடி அளவுக்குக் குறைந்தது. பின்னர் மீண்டும் வளர்ந்து 2024 தொடக்கத்தில் 10 கோடியைக் கடந்தது.

வட்டியைப் பற்றிய சட்டப் போராட்டம் இங்கும் நிகழ்ந்தது. ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் கடன் அட்டை வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008 ஜூலையில் தீர்ப்பளித்தது. வங்கிகள் மேல்முறையீடு செய்தன. பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. வட்டி விகிதத்தைப் பற்றி முடிவு செய்யும் அதிகாரம் நுகர்வோர் ஆணையத்துக்கு இல்லை என்றும், அது ரிசர்வ் வங்கியின் துறை என்றும் கூறியது. தமிழ்நாட்டில் கந்து வட்டி, மீட்டர் வட்டி போன்றவற்றைத் தடுக்க 2003-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. வங்கிகளின் வட்டியோ வேறு சட்ட வரம்புக்குள் நிற்கிறது. பல அட்டைகளில் மாதம் 3 முதல் 3.75 விழுக்காடு வரை, அதாவது ஆண்டுக்கு 36 முதல் 45 விழுக்காடு வரை வட்டி வாங்கப்படுகிறது. 1958-இல் ஃபிரெஸ்னோவில் தொடங்கிய 18 விழுக்காட்டைப் போல் இது இரண்டு மடங்குக்குக் குறையாது.

ரிசர்வ் வங்கி வேறு சில பாதுகாப்புகளைத் தந்துள்ளது. 2022 ஏப்ரலில் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, குறைந்தபட்சத் தொகையைக் கட்டியும் கடன் வளரும் நிலை வரக்கூடாது. அத்தொகையை மட்டும் கட்டினால் கடன் பல மாதங்களுக்கும் ஆண்டுகளுக்கும் நீளும் என்ற எச்சரிக்கை கணக்கில் இடம்பெற வேண்டும். கேளாதவருக்கு அட்டை அனுப்பக்கூடாது. அட்டையை மூடக் கோரினால், நிலுவை இல்லாதபோது ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக்கூடாது என்று 2022 ஆகஸ்டில் அறிவுறுத்தியது. மிரட்டலுக்கு ஆளாகும் குடும்பங்கள் இவற்றை அறிந்திருப்பது நலம்.

வரலாறு வீட்டுக்குள் வரும்போது

இனி இவ்வரலாற்றை ஒரு குடும்பக் கணக்கில் பொருத்திப் பார்ப்போம். ஒருவர் அட்டையில் 50,000 ரூபாய் பாக்கி வைத்திருக்கிறார். வட்டி மாதம் 3.5 விழுக்காடு. அந்த வட்டிக்கு 18 விழுக்காடு சரக்கு, சேவை வரி உண்டு. இரண்டும் சேர்ந்து மாதம் 4.13 விழுக்காடு. அதாவது முதல் மாதத்தில் வட்டியும் வரியுமாக 2,065 ரூபாய் ஏறும். குறைந்தபட்சத் தொகை 5 விழுக்காடு எனில் அவர் கட்டுவது ஏறத்தாழ 2,600 ரூபாய். அதில் கடன் குறைவது 535 ரூபாய் மட்டுமே.

அட்டையில் புதிதாக எதுவும் வாங்காமல், மாதந்தோறும் வங்கி கேட்கும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் அவர் கட்டி வருகிறார் என்று கொள்வோம். ஓராண்டில் சுமார் 29,400 ரூபாய் கட்டியிருப்பார். ஆனால் பாக்கி 43,900 ரூபாய் இருக்கும். கடன் பாதியாகக் குறைய ஐந்தே கால் ஆண்டுகளுக்கு மேலாகும். அதற்குள் அவர் கட்டியது ஏறத்தாழ 1,20,000 ரூபாய். இன்னும் 25,000 ரூபாய் பாக்கி நிற்கும்.

ஏன் இவ்வளவு நீள்கிறது? பாக்கி குறையக் குறைய வங்கி கேட்கும் குறைந்தபட்சத் தொகையும் குறைந்துகொண்டே வருவதுதான் காரணம். ஆகவே முதல் மாதம் கட்டிய அதே 2,600 ரூபாயை, வங்கி குறைத்துக் கேட்டாலும் குறைக்காமல், ஒவ்வொரு மாதமும் கட்டி வந்தால் முழுக் கடனும் ஏறத்தாழ 39 மாதங்களில் தீர்ந்துவிடும். மாதச் சுமை ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை! 4,000 ரூபாயாக உயர்த்தினால் 18 மாதங்களில் தீரும். மொத்தம் கட்டுவது சுமார் 72,000 ரூபாய். 5,000 ரூபாயாக உயர்த்தினால் 14ஆம் மாதத்தில் தீரும். மொத்தம் சுமார் 66,000 ரூபாய். இவை தோராயக் கணக்குகள். வங்கிக்கு வங்கி சிறிது மாறலாம். எனினும் அடிப்படை மாறாது.

ஆகவே செய்ய வேண்டிய முதல் வேலை, மறைந்துபோன முடிவு நாளை மீட்பதே. பற்று நோட்டிலும் தவணைக் கடனிலும் இருந்த அந்த நாளைக் குடும்பமே குறித்துக்கொள்ள வேண்டும். இவ்வளவு தொகையை மாதந்தோறும் கட்டுவோம், இந்த மாதத்தில் முடிப்போம் என்று எழுதி, வீட்டில் அனைவர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும்.

இறுக்கமான வருமானத்தில் இதைச் செய்வது எளிதன்று. மாதம் 25,000 ரூபாய் வருமானமுள்ள வீட்டில் 2,600 ரூபாய் என்பதே பத்தில் ஒரு பங்குக்கு மேல். ஆகவே சில நடைமுறைகளைக் கவனத்தில் கொள்வது நன்று.

முதலாவதாக, கடன் தீரும்வரை அட்டையைப் பயன்படுத்தாதிருக்க வேண்டும். பழைய பாக்கி இருக்கும்போது வாங்கும் புதிய பொருளுக்கு வட்டியில்லாக் காலம் பொதுவாகக் கிடைப்பதில்லை. வாங்கிய நாள் முதலே வட்டி ஓடத் தொடங்கும். அட்டையைக் கொண்டு ஏடிஎம்மில் பணம் எடுத்தால் வட்டியுடன் தனிக் கட்டணமும் சேரும்.

இரண்டாவதாக, கடன்கள் பல இருந்தால் அவற்றை வட்டியின் வரிசையில் எழுத வேண்டும். அனைத்திலும் தவணை தவறாமல் குறைந்தபட்சத்தைக் கட்டிவிட்டு, மிஞ்சுவதை முழுமையாக, வட்டி மிகுந்த கடனில் செலுத்த வேண்டும். அது தீர்ந்ததும் அந்தப் பணத்தை அடுத்த கடனுக்குத் திருப்ப வேண்டும். பணத்தைச் சிறிது சிறிதாக எல்லாக் கடன்களிலும் பிரித்துப் போடுவதால் வட்டி அந்த அளவுக்குக் குறையாது.

மூன்றாவதாக, சம்பளம் வந்த நாளிலேயே கடன் தொகையை எடுத்துவைக்க வேண்டும். மாத இறுதியில் மிஞ்சினால் கட்டலாம் என்று வைத்தால் மிஞ்சாது. பெருநாள் காலத்தில் வியாபாரம் நன்கு நடப்போரும், சபுராளிகள் அனுப்பும் பணத்தைக் கொண்டு நடக்கும் குடும்பங்களும், கூடுதலாக வரும் தொகையில் ஒரு பங்கை முன்கூட்டியே கடனுக்கு ஒதுக்கலாம்.

நான்காவதாக, கட்டவே முடியாத நிலை வந்தால் ஒளிந்துகொள்ளாமல் வங்கியை எழுத்து மூலமாக அணுக வேண்டும். பாக்கியைக் குறைந்த வட்டியில் மாதத் தவணையாக மாற்றித்தர வங்கிகள் பெரும்பாலும் வழி வைத்துள்ளன. ஒரு தொகையைக் கட்டிக் கணக்கை முடித்துக்கொள்ளும் சமரசமும் உண்டு. ஆனால் அது கடன் வரலாற்று அறிக்கையில் பதிவாகி, பின்னாளில் வீட்டுக் கடனோ கல்விக் கடனோ பெறுவதில் இடையூறாகலாம். எதற்கு ஒப்புக்கொண்டாலும் வங்கியின் கடிதம் கைக்கு வந்தபின்னரே பணம் கட்ட வேண்டும். குறை தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேன் அமைப்பிடம் முறையிடலாம்.

ஐந்தாவதாக, கடனை வீட்டாரிடமிருந்து மறைக்கக்கூடாது. கணவர் அறியாமல் மனைவியோ, மனைவி அறியாமல் கணவரோ, பெற்றோர் அறியாமல் பிள்ளைகளோ சுமக்கும் கடன் ஓர் அட்டையிலிருந்து மற்றோர் அட்டைக்குத் தாவுகிறது. எல்லோரும் அறிந்த கடனுக்கு எல்லோரும் சேர்ந்து செலவைக் குறைக்கின்றனர். பல வீடுகளில் சிறு செலவுகளின் கணக்கை முழுமையாக அறிந்தவர்கள் தாய்மார்களே. அவர்களைக் கேளாமல் போடும் திட்டம் நிலைக்காது.

ஜமாஅத்தின் பங்கு

வட்டியை விலக்கிய மார்க்கம், கடன்பட்டவரை விலக்கிவிடவில்லை. திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தில் 280ஆம் வசனம் சிரமத்திலுள்ள கடனாளிக்கு அவகாசம் அளிப்பதைப் பற்றியும், 282ஆம் வசனம் கடனையும் அதன் தவணையையும் எழுதிவைப்பதைப் பற்றியும் பேசுகின்றன. ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரில் கடன்பட்டோரும் ஒரு வகையினர் என்பதை ஒன்பதாம் அத்தியாயத்தின் 60ஆம் வசனத்தால் அறிகிறோம். எத்தகைய கடனாளிக்கு எவ்வளவு வழங்கலாம் என்ற விளக்கத்தை ஆலிம் பெருமக்களிடம் கேட்டறிதல் வேண்டும்.

நகையை ஈடாகப் பெற்று வட்டியில்லாக் கடன் வழங்கும் ஏற்பாடு நம் நாட்டில் முன்பே உண்டு. 1961-இல் தேவ்பந்தில் தொடங்கப்பட்ட முஸ்லிம் ஃபண்ட் அவ்வகையில் நன்கறியப்பட்டது. மஹல்லாவின் பைத்துல்மால் சிறிதாயினும், 42 விழுக்காடு வட்டியில் சிக்கிய ஒரு குடும்பத்துக்கு 20,000 ரூபாய் அழகிய கடன் அளித்து, அதை மாதம் 1,000 ரூபாயாகத் திரும்பப் பெற்றால், இருபது மாதங்களில் அதே பணம் அடுத்த குடும்பத்துக்குச் சென்று சேரும். கடன் பெறுபவரின் பெயர் வெளியில் தெரியாமல் காப்பது இதில் மிக முக்கியம். மானம் போகும் என்று அஞ்சுகிறவர் ஜமாஅத்தை நாடமாட்டார்; அடுத்த அட்டையையே நாடுவார்.

கணக்கு எழுதத் தெரிந்த இளைஞர்கள் இருவர் மூவர் மாதம் ஒரு முறை அமர்ந்து, வருவோருக்கு அவர்தம் கடன் கணக்கைப் படித்துக் காட்டி, எந்த மாதத்தில் கடன் முடியும் என்று கணக்கிட்டுக் கொடுத்தாலே பெரும் உதவியாகும். பண உதவி செய்ய இயலாத நிலையிலும் இவ்வுதவியைச் செய்ய இயலும். அன்று பற்று நோட்டைப் புரட்டிய கடைக்காரர் சொன்ன எச்சரிக்கையை இன்று எந்த அட்டையும் மனம் நெகிழ்ந்து சொல்லப்போவதில்லை. அதைச் சொல்லும் கடமை உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் ஜமாஅத்துக்கும் உரியதாகிறது.

அடுத்த மாதக் கணக்கு வீட்டுக்கு வரும்போது, அந்தச் சிறிய தொகையைப் பார்க்குமுன் மொத்தத் தொகையைப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில், உங்கள் குடும்பத்தால் தளராமல் கட்டக்கூடிய ஒரு தொகையை நீங்களே முடிவு செய்யுங்கள். அதைக் கடன் தீரும் நாள்வரை குறைக்காதீர்கள்.

கடன் சுமையிலிருந்து நம் குடும்பங்களை அல்லாஹ் காத்தருள்வானாக! ஆமீன்.